கணைய மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் 62 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு இறங்கிவிட்டார். மலப் பரிசோதனையில் எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி) 62 என்று வந்தது. கணையம் செரிமான நீரைச் சுரக்கவில்லை என்று சொல்லி, '25,000' என்று போட்ட கேப்சூலை மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் இரண்டிரண்டு, இடையில் இரண்டு முறை சிற்றுண்டிக்கு ஒவ்வொன்று என எழுதித் தந்தார்கள். அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் சாப்பிட்டு முடித்ததும் வேளைக்கு ஒன்று மட்டும் போடுகிறார். எண்ணெய்ப் பிசுக்காக மலம் போவது நிற்கவே இல்லை. எண்ணெய், வெண்ணெயை அடியோடு நிறுத்திப் பார்த்தோம், எடைதான் இன்னும் குறைந்தது. மருந்துக்கடையில் விலை குறைந்த ஜீரண சிரப் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதற்கு மாறிவிடலாமா? இந்த மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, சிரப்புக்கு மாற வேண்டாம். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்த கணக்குப்படி அவருக்கு ஒரு நாளைக்கு 8 கேப்சூல், அதாவது 2,00,000 யூனிட் லைபேஸ் வேண்டும் (லைபேஸ் என்பது கொழுப்பைக் கரைக்கும் நொதி, கேப்சூலில் போட்ட 25,000 அதன் யூனிட்). அவர் போடுவது 3 கேப்சூல், 75,000 யூனிட். பாதிகூட இல்லை. அந்த 75,000-மும் சாப்பாடு முடிந்த பிறகு போவதால் அதிலும் ஒரு பங்கு வீணாகிறது. மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்ட இது போதாது. மருந்து இன்னும் சரியாக உள்ளே போகவே இல்லை.

கேப்சூலைத் திறந்து பார்த்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் அமிலம் தாங்கும் உறை உண்டு. லைபேஸ், வயிற்று அமிலத்தில் நேரடியாக மாட்டினால் கெட்டுவிடும், பிறகு மீளாது. அதனால்தான் அந்த உறை. வயிற்றைத் தாண்டி, பிஹெச் அளவு (எண் கூடினால் புளிப்பு குறைவு) சுமார் 5.5-க்கு மேல் இருக்கும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் அது கரைய வேண்டும். அந்த மணிகள் சாப்பாட்டோடு கலந்து, சாப்பாட்டோடு சேர்ந்தே வயிற்றை விட்டு இறங்கினால்தான் வேலை நடக்கும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு போட்டால் உணவில் ஒரு பகுதி முன்னே போய்விடும், மருந்து பின்னால் தனியாகப் போகும். அரை மணி நேரம் முன்பே போடுவதும் அதே தவறுதான், அப்போது மருந்து முன்னே போய்விடும்.

ஆகவே முதல் கேப்சூல் முதல் கவளத்தோடு, இரண்டாவது பாதிச் சாப்பாட்டில். பேசிக்கொண்டு அரை மணிக்கு மேல் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளியே போடலாம். சாதாரணத் தண்ணீரில் விழுங்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் காப்பியோ டீயோ குடித்துக்கொண்டே விழுங்கினால் சூட்டில் நொதி கெடும். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. உறை உடைந்தால் மருந்து வயிற்றிலேயே அழியும், வாயில் தங்கினால் புண்ணும் வரும். விழுங்க முடியாதவர்கள் கேப்சூலைத் திறந்து, மணிகளை மசித்த ஆப்பிள் போன்ற லேசான புளிப்புள்ள குழைவான உணவில் ஒரு கரண்டி அளவில் கலந்து, மெல்லாமல் உடனே விழுங்கித் தண்ணீர் குடிக்கலாம். பாலில் கலக்கக் கூடாது. பாலில் புளிப்பு குறைவு, உறை கிண்ணத்திலேயே கரையத் தொடங்கிவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

டப்பாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 25 டிகிரிக்கு மிகாத, ஈரமில்லாத இடம் வேண்டும். அடுப்படி அலமாரி, குளியலறை, வெயிலில் நிற்கும் வண்டி மூன்றும் கூடாது. வாரக்கணக்குக்குப் பிரித்து வைக்கும் பெட்டியில் மொத்தமாகக் கொட்டி வைப்பதையும் தவிர்க்கலாம். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் அசல் டப்பாவில்தான் இருக்கிறது.

எண்ணெயை நிறுத்தியது தவறு. பலர் வீட்டில் நடக்கும் தவறுதான், பழைய அறிவுரையும் அப்படித்தான் இருந்தது. இன்று கொழுப்பைக் குறைக்கச் சொல்வதில்லை, கொழுப்புக்கு ஏற்ற மருந்தைப் போடச் சொல்கிறார்கள். 14 கிலோ இழந்தவருக்குக் கலோரி அதிகம் தருவது கொழுப்புதான். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உடலில் ஏறும். வழக்கமான அளவு எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தவிட்டுப் பொடி, நார்ச்சத்துப் பொடி என்று தனியாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அதிகப்படியான நார் நொதியின் வேலையைக் குறைக்கும்.

இப்போது செலவுக்கு வருவோம். அட்டையின் விலையை அட்டையின் விலையோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மில்லிகிராமையும் நம்ப வேண்டாம், அது உள்ளே இருக்கும் பான்கிரியாட்டின் (கணைய நொதிகளின் கலவை) தூளின் எடை மட்டுமே. பார்க்க வேண்டியது லைபேஸ் யூனிட். உங்கள் கணவருக்கு 30 நாளைக்கு 60 லட்சம் யூனிட் வேண்டும். 25,000 கேப்சூலில் அது 240, 10,000 கேப்சூலில் 600. ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு நிறுவன மருந்துக்கும், டப்பா விலையை அதில் உள்ள மொத்த யூனிட்டால் வகுத்து, 10,000 யூனிட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலிமை கூடிய கேப்சூல் மலிவாக வரலாம், சில சமயம் எதிராகவும் இருக்கும். கணக்குப் போடாமல் தெரியாது. மருத்துவரிடம் நிறுவனப் பெயருக்குப் பதில் 'பான்கிரியாட்டின், இத்தனை யூனிட் லைபேஸ், அமிலம் தாங்கும் உறையுள்ள மணிகள்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் கடைசிச் சொற்கள் கட்டாயம் வேண்டும். உறை இல்லாத மாத்திரையும் இருக்கிறது, அதை அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

நிறுவனம் மாற்றினால் முதல் இரண்டு வாரம் மலத்தையும் எடையையும் கவனியுங்கள். அமெரிக்காவிலேயே இந்த மருந்துகள் பல பத்தாண்டுகள் முறையான ஒப்புதல் இல்லாமல் விற்கப்பட்டன. தயாரிப்புக்குத் தயாரிப்பு வலிமை மாறியதால்தான் 2010-க்குள் எல்லாரும் ஒப்புதல் வாங்கியாக வேண்டும் என்று அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கெடு வைத்தது. லேபிளில் எண் இருப்பதாலேயே எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த சிரப் பற்றி: இத்தகைய சிரப்கள் பலவற்றில் இருப்பது மாவுச்சத்தைக் கரைக்கும் டயாஸ்டேஸும் புரதத்துக்கான பெப்சினும். மாவுச்சத்துக்கு எச்சிலில் ஒரு நொதி உண்டு, புரதத்துக்கு வயிற்றிலேயே பெப்சின் சுரக்கிறது. கொழுப்புக்குக் கணையத்தை விட்டால் ஈடுசெய்ய அநேகமாக ஆளில்லை. அங்கேதான் இவருக்கு ஓட்டை. லேபிளில் லைபேஸ் என்ற சொல்லும் எதிரில் ஆயிரக்கணக்கில் யூனிட்டும் இல்லாத எதுவும் இவருக்கு உதவாது.

வேறு எங்கே பணம் கசிகிறது என்று பாருங்கள். எலாஸ்டேஸ் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். அது மனிதக் கணையம் சுரக்கும் எலாஸ்டேஸை மட்டும் அளக்கிறது; கேப்சூலில் இருப்பது பன்றிக் கணையத்தின் நொதி. ஆகவே மாத்திரை நன்றாக வேலை செய்தாலும் அந்த எண் ஏறாது. 200-க்கு மேல் இயல்பு, 100-க்குக் கீழ் தெளிவான குறைபாடு. 62 என்பதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. (தண்ணீராகப் போன மலத்தில் எடுத்திருந்தால் மட்டும் எண் பொய்யாகக் குறையும். அப்படியானால் கெட்டியான மலத்தில் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நியாயம்.) எளிதில் செரிக்கும் என்று விற்கும் எம்.சி.டி. எண்ணெய் விலை அதிகம், சரியான அளவு மாத்திரையோடு சாதாரண எண்ணெயே போதும். பலவகை டானிக்குகளுக்குப் பதில் வைட்டமின் டி, ஏ, பி12 அளவுகளை ஒருமுறை பார்த்து, குறைவதை மட்டும் வாங்குவது மேல். எலும்பு அடர்த்தி ஸ்கேன் மட்டும் தள்ளிப்போட வேண்டாம், இந்த நோயில் எலும்பு சத்தமில்லாமல் கரையும்.

எல்லா வாய்க்கும் மாத்திரை தேவையில்லை. பழம், சர்க்கரை போட்ட பானம், பால் சேர்க்காத காப்பி, டீ ஆகியவற்றுக்கு வேண்டாம். பால், முட்டை, இறைச்சி, பருப்பு, கொட்டை வகை, எண்ணெயில் செய்த எதற்கும் வேண்டும். கை இறுக்கமான வாரத்தில் சிற்றுண்டியைப் பழமாக்கிவிட்டால் நாளுக்கு இரண்டு கேப்சூல் மிச்சம். சாப்பாட்டுக்கு உள்ளதில் கை வைப்பதைவிட இது நல்ல சிக்கனம். அதையும் மீறி இருப்பது நாளுக்கு நான்குதான் என்றால், நான்கு வேளைக்கு ஒவ்வொன்றாகத் தூவாமல், கொழுப்புள்ள இரண்டு சாப்பாட்டுக்கு இரண்டிரண்டாகப் போட்டு, மூன்றாவதைக் கொழுப்புக் குறைவாக வையுங்கள். சில நாள் சமாளிப்பு மட்டும் இது, மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் குறைத்தால் அவர் 'மருந்து பலிக்கவில்லை' என்று நினைத்து இன்னும் விலையான சோதனைகளுக்கு அனுப்புவார்.

சரியான நேரத்தில், முழு அளவில் இரண்டு வாரம் போட்டும் பிசுக்கு நிற்காவிட்டால் அடுத்த படி இருக்கிறது. பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 என்பது தொடக்க அளவு மட்டும்தான், உச்ச அளவு அல்ல. பொதுவாக வைத்திருக்கும் எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 2,500 யூனிட், நாளுக்கு 10,000 யூனிட். 48 கிலோவுக்கு அது வேளைக்கு 1,20,000, நாளுக்கு 4,80,000. இந்த எல்லை வந்த காரணம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளில் மிக அதிக அளவு கொடுத்தபோது பெருங்குடல் தடித்துச் சுருங்கியது. உங்கள் கணவர் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் அளவைக் கூட்டும் முன் ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். கணையம் நொதியோடு கூட அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் சுரக்கும். அது இல்லாதபோது சிறுகுடல் புளிப்பாகவே இருக்கும், உறை கரைவது தாமதமாகும். கேப்சூலை இரட்டிப்பாக்குவதைவிட இது பெரும்பாலும் மலிவு. இதற்கும் கேட்காமல் உப்புசமும் வாயுவும் நீடித்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கணைய அழற்சி உள்ளவர்களுக்கு அது அடிக்கடி வரும்.

சர்க்கரையை அவசியம் பாருங்கள். இதே கணையம்தான் இன்சுலினையும் சுரக்கிறது, நாள்பட்ட அழற்சியில் நீரிழிவு சேர்ந்து வருவது சகஜம். ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவர் என்றால், மாத்திரை சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் சத்து ஏறிச் சர்க்கரையும் ஏறலாம், முதல் சில வாரம் கூடுதலாக அளந்து பார்க்க வேண்டும். மதுவும் புகையும் இருந்தால் இரண்டும் நிற்க வேண்டும்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். நாள்பட்ட அழற்சியில் அழிந்த கணையத் திசு திரும்ப வளராது, எனவே ஆம். அதனால்தான் உதவி கேட்பதையும் ஒருமுறை சரியாகச் செய்துவிட வேண்டும். காப்பீடோ, மருத்துவமனை உதவி நிதியோ, மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டமோ, எதுவானாலும் மருத்துவரின் கடிதம் வேண்டும். அதில் நோயின் பெயர், எலாஸ்டேஸ் 62, எடை 62-லிருந்து 48 ஆனது, நாளுக்கு 2,00,000 யூனிட், வாழ்நாள் தேவை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். 'செரிமானத்துக்கு உதவும் மருந்து' என்று எழுதினால் டானிக் என்று தள்ளிவிடுவார்கள். 'கணையம் சுரக்காத நொதிக்கு மாற்று' என்று எழுதச் சொல்லுங்கள், இன்சுலினைப் போல. பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார், மருத்துவரைவிட அவருக்கே எந்தப் படிவம் எங்கே என்று தெரியும். மருந்து விட்டுவிட்டுக் கிடைப்பதும் உண்டு. 2024-இல் ஐரோப்பாவில் பெரிய தட்டுப்பாடே வந்தது. இரண்டு வார இருப்பு எப்போதும் கையில் இருக்கட்டும், அதற்கு மேல் வாங்கிக் குவித்துக் காலாவதியாக விடாதீர்கள்.

கண் மஞ்சளாவது, மாலையில் பார்வை மங்குவது, காரணமில்லாமல் தோலில் இரத்தம் கட்டுவது, முதுகுக்குப் பரவும் வயிற்று வலி, மாத்திரை சரியாகப் போட்டும் எடை தொடர்ந்து குறைவது ஆகிய எது வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நாளை காலையிலிருந்து முதல் கவளத்தோடு மாத்திரை. ஒரு நோட்டில் வேளை, எத்தனை கேப்சூல், மலம் எப்படி, வாரம் ஒருமுறை எடை என்று எழுதிவாருங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டையும் 10,000 யூனிட் விலைத் தாளையும் சேர்த்தே மருத்துவரின் மேசையில் வையுங்கள்.