எஞ்சின் ஓடுது, கரண்ட் இல்லை: வெல்டிங் ஜெனரேற்றருக்கு என்ன பிரச்சினை?

மாங்குளத்தில் மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற மெசின். வெல்டிங்கும் இல்லை, 230 வோல்ற் பிளக்கும் செத்துவிட்டது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் என் சந்தேகம் ஃபீல்ட் பக்கம்தான், அதாவது கரண்ட் உண்டாகக் காந்தத்தைக் கொடுக்கும் சுருள் பக்கம். பிரேக்கரை ஒருதரம் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்திக் காபன் பிரஷ்களைக் கழற்றுங்கள்; சுழலும் அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டைகள் அவை. வன்னிப் புழுதி தெரியும்தானே, பிரஷ் கூட்டுக்குள் இறுகினால் ஸ்லிப் ரிங்கை, அதாவது தண்டில் சுழலும் செம்பு வளையத்தை, தொடாது. ரிங் கறுத்திருந்தால் நைஸ் மண்தாளால் தேயுங்கள். எமரி வேண்டாம், அதன் தூள் கரண்ட் கடத்தும்.

அதுவும் சரியென்றால், சும்மா நின்றதில் ரோட்டரில், அதாவது சுழலும் பகுதியில், கரண்ட் உண்டாகத் தொடங்கத் தேவையான மிச்சக் காந்தம் போயிருக்கலாம். எஞ்சின் நின்றபடியே, பிரஷ் வயர்களைக் கழற்றி, 12 வோல்ற் பற்றரியைப் பிரஷ்களுக்குப் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாகச் சில செக்கன் மட்டும் கொடுங்கள். பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். பிரஷ் இல்லாத மெசினென்றால் கப்பாசிற்றரைப் பாருங்கள். சார்ஜை இறக்காமல் கை வைக்காதீர்கள்.