நொதிகள் வேதிவினைகளை எப்படி வேகப்படுத்துகின்றன?

நொதி, அதாவது என்சைம், செல்லுக்குள் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்; பெரும்பாலும் புரதம். வினை தொடங்க, மூலக்கூறுகள் சரியான கோணத்தில், போதிய ஆற்றலோடு மோத வேண்டும். சூடேற்றியும் இதைச் செய்யலாம்தான், ஆனால் செல் வெந்துபோகும். நொதி தன் குழிக்குள் மூலக்கூறைப் பிடித்து, பிணைப்புகள் எளிதில் மாறும்படி வளைத்துவிடுகிறது. தொடங்கத் தேவையான ஆற்றல் குறைகிறது. டப்பாவில் போட்டுக் குலுக்கினால் நட்டும் போல்ட்டும் எப்போது மாட்டிக்கொள்ளும்? நேராகப் பிடித்தால் உடனே திருகிவிடலாம்.

புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் நுரை பொங்குமே, அது கேட்டலேஸ் என்ற நொதியின் வேலை. அதன் ஒரே மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும். நுரை வெறும் ஆக்சிஜன்தான்.

நொதி ஆற்றலைக் கொடுத்து வினையைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எப்படியும் நடக்கக்கூடிய வினையைத்தான் அது சீக்கிரம் முடிக்கிறது, தானும் தீர்ந்துபோவதில்லை.