கூடுதல் கடன் எடுக்குமுன் வளவில் கிடக்கும் பொருளை எண்ணுங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 1,000 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பொருட்களை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். மேசனுக்குக் கூலி மட்டும்தான். சுவர் எழும்பிவிட்டது, வங்கிக் கடனோ முடியும் நிலையில் இருக்கிறது. சுவர்ப் பூச்சுக்கும் வீட்டு நிலம் போடவும் வேண்டிய சீமெந்தை விலை ஏறுமுன் வாங்கி வைக்க, மேலும் 8 இலட்சம் ரூபாய் கடன் எடுக்கலாமா? (ஓர் ஆசிரியை)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போது எடுக்க வேண்டாம். உதாரணமாக 14 வீத வட்டியில் 10 ஆண்டுக்கு 8 இலட்சம் எடுத்தால், மாதம் ஏறக்குறைய 12,420 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் நீங்கள் செலுத்தியிருப்பது 14 இலட்சத்து 90 ஆயிரம். அதாவது, கடன் பணத்தில் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாய்ப் பொருள் வளவில் வீணானால், உங்கள் கையிலிருந்து போவது 1,86,000 ரூபாய்.

2022 இல் விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்கள் சீமெந்தை வாங்கி அடுக்க நினைப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் சீனன்குடாவிலேயே சீமெந்து ஆலை இருக்கும் மாவட்டத்தில், பத்துப் பத்துப் பையாக எடுத்தாலும் வேலை நிற்காது. மூன்று மாதம் கிடந்த சீமெந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கக் கூடும். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் இன்னும் விரைவாகக் கெடும். நிலாவெளி வீதியில் நான் பார்த்த ஒரு வளவில், பலகை போடாமல் வெறும் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த பைகளில் அடிவரிசை முழுவதும் கல்லாகியிருந்தது. கடதாசியைக் கிழித்தபோது பையின் மடிப்புக்கூட அந்தக் கல்லில் அப்படியே பதிந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியும் இந்த இழப்பைவிட, சுவருக்குள் மறையும் இழப்பே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால், மேசன் அந்தக் கோணலைப் பூச்சால்தான் நிரப்புவார். 12 மில்லிமீற்றரில் முடிய வேண்டிய பூச்சு 20 மில்லிமீற்றராகத் தடித்தால், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் 2,000 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 9 பை சீமெந்தும் அரைக் கியூப்புக்கு (ஒரு கியூப் என்பது 100 கன அடி) மேல் மணலும் கூடுதலாகப் போகும். கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஆற்று மணலின் விலை உங்களுக்கே தெரியும். ஆகவே பூச்சுக்கு முன், நீங்களே நின்று ஒவ்வொரு சுவரையும் நூல் பிடித்துப் பாருங்கள். புடைத்த கல்லைச் செதுக்கும் ஒரு நாள் கூலி அந்தக் கூடுதல் பூச்சைவிட மலிவு.

கூலிக்கு மட்டும் வேலை செய்பவருக்குப் பொருளைச் சேமிப்பதால் எந்த நன்மையும் இல்லை. அது அவருடைய குற்றமல்ல, நீங்கள் பேசிய ஒப்பந்தத்தின் குறை. பூச்சுக்கு எத்தனை பை போகும் என்று அவரோடு இருந்து கணக்கிட்டு எழுதி, மிஞ்சுவதன் விலையில் பாதி அவருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். காலையில் கொடுத்த பைகளையும் மாலையில் மிஞ்சியவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வெட்டி எஞ்சிய கம்பித் துண்டுகளை எடைக்குப் போடாதீர்கள். யன்னல் மேல் மறைப்புக்கும் சமையலறைத் தட்டுக்கும் அவை உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால், பூச்சுக்கு வேண்டிய தொகையை மட்டும், பகுதி பகுதியாக விடுவிக்கும்படி வங்கியிடம் கேளுங்கள். விடுவித்த பணத்துக்கு மட்டுமே பெரும்பாலும் வட்டி ஓடும். நில மாபிளை அடுத்த ஆண்டு பதித்தாலும் வீட்டில் குடியிருக்கலாம்.