ஓடி ஓடி நின்றுவிடும் பழைய கார்: சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1960-களில் வந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. பாயிண்ட், கண்டன்சர் உள்ள பழைய இக்னிஷன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். இருபது நிமிடம் ஓடியதும் மிஸ்ஸிங் ஆகி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பெட்ரோல் பம்பும் புதிது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் அங்கே நன்றாக ஓடுகிறது. வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, அந்த அரை மணி நேரம்தான் அது. வண்டி நின்றதில் இருந்து சூடு ஆறும் வரைதான் பழுது கண்ணில் படும். ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் சரியாகவே தெரியும். ஒர்க்‌ஷாப்பில் நன்றாக ஓடுவதும் இதனால்தான். அடுத்த பாகத்தை வாங்காதீர்கள். வீட்டைச் சுற்றியே ஓட்டி, வண்டி நின்ற உடனே பானெட்டைத் திறக்கத் தயாராக இருங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், நன்றாக வேலை செய்யும் உபரி பிளக் ஒன்று, இரு முனையிலும் கிளிப் போட்ட இரண்டு ஒயர்கள், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கண்டன்சர். ஸ்பார்க் சோதிக்கும் இடத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத விஷம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பிளக் ஒயரில் பாய்வது பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்.

முதலில் வண்டி எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போல் பட்டென்று நின்றால் சந்தேகம் இக்னிஷன் மேல். இழுவை குறைந்து, திணறித் திணறி, சோக்கை இழுத்தால் கொஞ்ச தூரம் உயிர் வந்து, அப்புறம் நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். காயிலில் (பாட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் சுருள்) இருந்து சிக்னல் எடுக்கும் டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) இருந்தால் அதையும் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலுக்குப் போகும் கரண்ட் துண்டிக்கப்படுகிறது.

நின்றாயிற்று. காயிலின் நடுவில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் பாகம்) மூடிக்குப் போகும் தடித்த ஒயரை மூடியில் இருந்து உருவி, உபரி பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உடலை கிளிப் ஒயரால் இன்ஜின் பிளாக்கோடு இணையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலம் கலந்த வெள்ளையில், டக் டக்கென்று சத்தத்தோடு ஸ்பார்க் வந்தால் காயில் வரை எல்லாம் சரி. மஞ்சளாக, நூல் போல வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ பழுது காயிலிலோ அதற்கு முன்போ இருக்கிறது.

இங்கே அந்தச் சர்க்யூட்டை ஒரு நிமிடம் புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம். 1910 வாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிக் கொடுத்த அமைப்பின் வாரிசுதான் உங்கள் காரில் இருப்பது. பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறிய ஸ்விட்ச். அது மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, உள்ளே ஆயிரக்கணக்கான சுற்றுகள் உள்ள இரண்டாவது கம்பியில் உயர் வோல்ட் கிளம்புகிறது. திறக்கும் பாயிண்டின் இடைவெளியில் கரண்ட் தாவி எரியாமல் உள்வாங்கிக்கொள்வது கண்டன்சரின் வேலை. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 தடவை இது நடக்கிறது. இதில் எந்தப் பாகம் சூட்டில் தளர்ந்தாலும் மிஸ்ஸிங்தான்.

ஸ்பார்க் இல்லையா? சாவி ஆனில் இருக்க, காயிலின் இரண்டு சிறிய முனைகளையும் மீட்டரில் பாருங்கள். ஸ்விட்சில் இருந்து வரும் முனையில் பாட்டரி வோல்ட் இருக்க வேண்டும். பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) உள்ள வண்டியில் பாயிண்ட் மூடியிருக்கும்போது அதைவிடக் குறைவாகக் காட்டும், அது இயல்பு. ஒன்றுமே இல்லை என்றால் இக்னிஷன் ஸ்விட்ச், ஃபியூஸ், ஒயர் ஜாயின்ட் பக்கம் போங்கள். பாட்டரியில் இருந்து அந்த முனைக்கு நேராக ஓர் ஒயர் கொடுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டால் பழுது நிச்சயம் அந்த வழியில்தான். இதைச் சோதனைக்காகச் சில நொடிகள் மட்டும் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகும் முனைதான் அதிகம் பேசும். பாயிண்ட் திறந்திருந்தால் அங்கே 12 வோல்ட், மூடியிருந்தால் கிட்டத்தட்ட 0. அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டு செல்ஃப் அடித்தால் லேம்ப் மினுக்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே போகும் மெல்லிய ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. மூடிய பாயிண்டில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் விடாதீர்கள். பாயிண்ட் முகம் கெட்டிருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் தட்டுக்கு எர்த் சரியில்லாமலும் இருக்கலாம்.

அந்த மெல்லிய ஒயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சொந்த வண்டியில் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தது அதுதான். வெளியே பார்த்தால் உறை புத்தம் புதிதாக இருந்தது. மீட்டரில் வைத்தால் தொடர்பு இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டு அழுத்தும்போதெல்லாம், வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றும் பாகம்) உள்ளே இருக்கும் தட்டைத் திருப்ப, அறுந்த இழைகள் உறைக்குள்ளேயே பிரிந்து பிரிந்து சேர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் சின்ன இடுக்கியால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல நீண்டது. செம்பு இழை முழுசாக இருக்கும் ஒயர் அப்படி நீளாது. அன்றிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால் முதலில் அந்த ஒயரைத்தான் இழுத்துப் பார்க்கிறேன்.

லேம்ப் சரியாக மினுக்குகிறது, ஸ்பார்க் மட்டும் நோஞ்சானாக இருக்கிறது என்றால் மிஞ்சுவது கண்டன்சரும் காயிலும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான், அதிலும் முதலில் கண்டன்சர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டரை (உள்ளே சுழன்று ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் அனுப்பும் துண்டு) எடுத்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டையே கவனியுங்கள். மங்கிய வெளிச்சத்தில் சிறு நீலப் பொறி தெரிந்தால் பரவாயில்லை. தடித்த, பளீரென்ற பொறி ஒவ்வொரு முறையும் எரிந்தால் கண்டன்சர் போய்விட்டது. கையில் இருக்கும் நல்ல கண்டன்சரின் ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலும் அதன் உடலை எர்த்திலும் கிளிப் போட்டு மறுபடி பாருங்கள். வண்டி உடனே பிடித்துக்கொண்டால் தேடல் முடிந்தது. பழையது உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் அதன் ஒயரைப் பிரித்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கண்டன்சர் கெட்டதற்கான தடயம் பாயிண்ட் முகத்திலும் பதிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சீரான சாம்பல் நிறம் என்றால் நல்லது. ஒரு முகத்தில் கூம்பு போல மேடும், எதிர் முகத்தில் அதற்குப் பொருந்தும் குழியும் இருந்தால் கண்டன்சரின் கொள்ளளவு பொருந்தவில்லை. இவ்வகைக் கண்டன்சர்கள் பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் சுற்றுவட்டத்தில் இருக்கும். கருநீலமாகக் கருகியிருந்தால் நீண்ட நாளாகப் பொறி எரிந்திருக்கிறது.

காயிலைப் பிடிப்பது கொஞ்சம் தந்திரமான வேலை. பலாஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலின் சிறிய முனைகளுக்கு இடையே சுமார் 3 ஓம், பலாஸ்ட் வகையில் சுமார் 1.5 ஓம் காட்டும். சூட்டில் இது கொஞ்சம் ஏறுவது செம்பின் இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் உயர் வோல்ட்டில் இன்சுலேஷன் உடைவதை மீட்டர் காட்டவே காட்டாது. அதனால் காயிலை ஓம் கணக்கை வைத்து நல்லது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாவியை அணைத்துவிட்டு, ஈரத்துணியைக் காயிலின் உடலில் மட்டும் ஐந்து நிமிடம் சுற்றிவைத்து, துணியை எடுத்து மேல்மூடியை நன்றாகத் துடைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். மற்ற எல்லாம் சூடாகவே இருக்க, ஸ்பார்க் திரும்பி வந்தால் காயிலை மாற்றிவிடலாம். இன்னொன்று: இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு மறந்துவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காயிலையே அது கெடுத்துவிடும்.

காயில் ஒயரில் ஸ்பார்க் கொழுத்து வருகிறது, பிளக் ஒயரில் வரவில்லை என்றால் இடையில் இருப்பது ரோட்டரும் மூடியும். மூடியின் உள்பக்கம் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிக்கோடு ஓடுகிறதா, நடுவில் உள்ள கார்பன் துண்டு இருக்கிறதா பாருங்கள். ரோட்டர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தண்டுக்கு ஸ்பார்க் கசியலாம். ரோட்டரின் பித்தளைக்கு மேல் சில மில்லிமீட்டர் தள்ளி, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் காயில் ஒயரைப் பிடித்து செல்ஃப் அடித்தால் தெரிந்துவிடும். தொடர்ந்து ஸ்பார்க் தாவினால் ரோட்டர் எர்த் ஆகிறது.

பிளக் வரைக்கும் நல்ல ஸ்பார்க் வந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால்தான் பெட்ரோல் பக்கம் வர வேண்டும். முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இருபது நிமிடத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போகும், கொஞ்ச நேரம் விட்டால் தானே சரியாகிவிடும். உங்கள் அறிகுறிக்கு இதுவும் அப்படியே பொருந்துவதால் தவறாமல் பாருங்கள். அடுத்து எக்ஸாஸ்ட் அருகே போகும் பெட்ரோல் பைப், கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர், இரண்டையும் பாருங்கள்; சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் வால்வ் இடைவெளியைப் பாருங்கள். மிகவும் இறுக்கமாக வைத்திருந்தால் சூட்டில் வால்வ் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். சூடான இன்ஜினில் எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் சிறிய ஒயரைப் பிரித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து கம்ப்ரஷன் கேஜில் பார்த்தால் புரியும்.

பாயிண்டைத் தொட்டிருந்தால் இடைவெளியை மறுபடி வையுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. இடைவெளி மாறினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) மாறும் என்பதால் டைமிங்கை அதற்குப் பிறகே பாருங்கள். எல்லாம் முடிந்ததும் அதே வழியில், அதே வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். மறுபடி நின்றால், ஸ்பார்க் என்ன நிறம், டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் எத்தனை வோல்ட், டெஸ்ட் லேம்ப் மினுக்கியதா, இந்த மூன்றையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.