ஹைட்ரஜன் எஞ்சினின் பற்று வரவு

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் எம்.இ. இறுதியாண்டு படிக்கிறேன். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில், காற்று உள்ளே போகும் குழாயில் ஹைட்ரஜனைக் கலந்து ஓட்டிப் புகையை அளப்பதுதான் என் பிராஜெக்ட். தலைப்பு: 'உமிழ்வே இல்லாத எஞ்சினை நோக்கி'. கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் நன்றாகவே குறைந்தன. ஆனால் முக்கால் லோடுக்கு மேல் போனால், வெறும் டீசலில் ஓட்டியதைவிட நைட்ரஜன் ஆக்சைடு ஏறிவிடுகிறது. "ஃபுல் லோடு கிராஃபை எடுத்துவிடு, வைவாவில் தேவையில்லாத கேள்வி வரும்" என்கிறார்கள் சீனியர்கள். எடுத்துவிடலாமா?

இன்னொன்று. "ஊருணியே வற்றிக் கிடக்கிறது, நீ தண்ணீரைப் பிரித்து வண்டி ஓட்டப் போகிறாயா?" என்று சித்தப்பா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

எம்., காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

கிராஃப் இருக்கட்டும். மாற்ற வேண்டியது தலைப்பைத்தான்.

ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் மட்டும் வரும் என்பது, அது ஆக்சிஜனோடு மட்டும் எரியும்போது உண்மை. உங்கள் எஞ்சின் இழுப்பதோ காற்றை. அதில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு அவ்வளவு வலியது. சிலிண்டருக்குள் சூடு ஏறக்குறைய 1800 கெல்வினைத் தாண்டினால் கதை மாறுகிறது. ஆக்சிஜன் அணு அந்தப் பிணைப்பை உடைக்கத் தொடங்குகிறது. 1940களில் ரஷ்ய விஞ்ஞானி செல்டோவிச் விளக்கிய வினை இது. இந்த நைட்ரஜன் ஆக்சைடு வருவது காற்றிலிருந்து. எரிபொருளில் கார்பன் இருக்கிறதா இல்லையா என்பது இதற்கு ஒரு பொருட்டே அல்ல. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பதுதான் கணக்கு. ஹைட்ரஜன் தீ பெட்ரோல் தீயைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். லோடு குறைவாக இருக்கும்போது கலவை மெலிந்து, அதாவது காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும், இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. லோடு ஏறும்போது, பிஸ்டன் உச்சியில் இருக்கும் அந்தச் சில கணங்களுக்குள்ளேயே பெரும்பகுதி எரிந்து முடிகிறது, சூடு எகிறுகிறது. உங்கள் எஞ்சினில் நடந்தது இதுதான். அதை மறைத்தால் தீசிஸில் சொல்வதற்கு என்ன மிஞ்சும்? கரும்புகை குறைந்தது என்பது ஊருக்கே தெரியும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்ட பேரேட்டை எந்தச் செட்டியார் கடையிலும் ஏற்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஏற்றம் முழுவதும் நிஜம்தானா என்று முதலில் பாருங்கள். என் கவலை இங்கேதான். புகையை அளக்கும் அனலைசருக்குள் போகுமுன் புகையிலிருந்து ஈரத்தை வடித்துவிடும் அமைப்பு இருக்கும். சரிவிகிதக் காற்றோடு எரிந்தால் டீசல் புகையில் சுமார் 13 சதவீதம் நீராவி. முழுக்க ஹைட்ரஜன் என்றால் அது ஏறக்குறைய 35 சதவீதம். இந்த ஈரத்தை வடித்துவிட்டு மிச்சத்தை அளந்தால், புகையில் உண்மையில் 650 பிபிஎம் (பத்து லட்சத்தில் 650 பங்கு) இருந்த ஆக்சைடு 1000 பிபிஎம் என்று காட்டும். உங்களுடையது டீசலும் ஹைட்ரஜனும் கலந்த ஓட்டம், அதனால் வித்தியாசம் இத்தனை இராது, இருக்கவே செய்யும். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு: காற்றை அள்ளி விட்டு மெலிதாக ஓட்டினால், உமிழ்வு குறையாமலே பிபிஎம் குறைந்ததுபோலத் தோன்றும். ஆகவே பிபிஎம்மில் எதையும் ஒப்பிடாதீர்கள். புகையின் மொத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, ஒரு கிலோவாட் மணி வேலைக்கு எத்தனை கிராம் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு கிராஃபின் கீழும் ஈரப் புகையா உலர்ந்த புகையா என்று எழுதுங்கள். வைவாவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரி.

கார்பன் மோனாக்சைடு எந்த முறையில் அளக்கப்பட்டது என்றும் பாருங்கள். அகச்சிவப்புக் கதிர் என்றால் சரி. சில கருவிகளில் இருக்கும் மின்வேதி செல், எரியாமல் தப்பி வரும் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடு என்று எண்ணிவிடும். உங்களுக்குக் குறைந்ததாகத் தெரிவது இன்னும் அதிகமாகவே குறைந்திருக்கலாம். வழக்கமான ஐந்து வாயு அனலைசரில் ஹைட்ரஜனுக்கென்று சென்சாரே கிடையாது. தப்பிய ஹைட்ரஜன் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நீங்கள் முடிந்தால் எழுதுங்கள்.

ஏற்றம் நிஜம்தான் என்று உறுதியானால், குறைக்கும் வழிகளில் ஒன்றையாவது சோதித்துப் பாருங்கள்: டீசல் பாயும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது, ஆறிய புகையில் ஒரு பங்கை உள்ளே திருப்பி விடுவது. இரண்டுக்கும் விலை உண்டு, திறன் கொஞ்சம் குறையும். அதையும் எழுதுங்கள். வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபோது டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80க்கு இறங்கியது. எந்த எரிபொருளைப் போட்டாலும் இந்த மாதிரி வரம்பிலிருந்து தப்ப முடியாது.

இப்போது சித்தப்பா. தண்ணீரில் மூலிகையைப் போட்டுப் பெட்ரோல் ஆக்குவதாக 1996இல் ஒருவர் காட்டிய மூலிகைப் பெட்ரோலைப் பார்த்த தலைமுறை, சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் தண்ணீரைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் போகும் தண்ணீர் 9 லிட்டர். சுத்திகரிப்பில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அந்த ஒரு கிலோவில் சுமார் 3.3 லிட்டர் டீசலின் சக்தி இருக்கிறது. அவர் கேட்க வேண்டிய கேள்வி கரண்டைப் பற்றி. ஒரு கிலோவைப் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். 100 யூனிட்டைக் கொட்டினாலும் இரண்டு கிலோ தேறாது.

அவர் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் ஆய்வகத்துக்கு வரும் ஹைட்ரஜன் சிலிண்டர் எங்கே நிரப்பப்படுகிறது? இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தது என்றால், ஒரு கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு அந்த ஆலையிலேயே வெளியாகிவிட்டது. அது மிச்சப்படுத்தும் 3.3 லிட்டர் டீசலை எரித்தாலும் ஏறக்குறைய 9 கிலோதான். கணக்கு நேர்! காஸ்டிக் சோடா ஆலையில் உபரியாகக் கிடைத்தது என்றால் நிலைமை வேறு. சப்ளையரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுங்கள்.

இதற்கு வழிகாட்ட உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, மின்வேதியியலுக்கென்றே இருக்கும் ஆய்வகம். காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானிய மின்முனைகளில் பெயர் எடுத்தவர்கள். கைடிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஃபுல் லோடில் மறுபடி ஓட்டும்போது, ஹைட்ரஜன் குழாயில் தீத்தடுப்பான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வால்வைத் திறங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்