கூட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்காரரைப் பாருங்கள்: பறவைகள் கேள்வி-பதில்

எங்கள் தெருப் புளியமரத்தில் நாரைகள் கூடு வைத்திருக்கின்றன. எச்சமும் மீன் நாற்றமும் தாங்கவில்லை என்று மரத்துக்காரர் வெட்டப் போகிறார். சட்டத்தைச் சொல்லித் தடுக்கலாமா?

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து இன்று கோடாலியைக் கீழே வைப்பவர், கூடு காலியான பிறகு மரத்தையே சாய்த்துவிடலாம். நாற்றத்தோடு குடியிருப்பது அவர். முதலில் அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

அசாமில் ஹர்கிலா என்ற பெரிய நாரைக்கும் இதே கதிதான். அழுகிய இறைச்சியும் எலும்பும் கூட்டிலிருந்து முற்றத்தில் விழும்; அபசகுனம் என்ற பேர் வேறு. உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் மரம் வெட்டியவர்களிடம் நியாயம் கேட்டபோது, ‘அப்படியானால் நீயே வந்து இந்த நாற்றத்தைக் கழுவு’ என்கிற ரீதியில் கேலிதான் கிடைத்தது. அதன்பிறகு அவர் பாடம் நடத்தப் போகவில்லை. தினமும் அந்த முற்றத்தைக் கூட்டும் பெண்களிடம் போனார். சமையல் போட்டி வைத்தார். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சடங்கை, நம் வளைகாப்பு மாதிரி, கூடு கட்டும் ஹர்கிலாவுக்கும் செய்ய வைத்தார். பெண்கள் தறியில் அந்தப் பறவையின் உருவத்தையே நெய்து விற்கத் தொடங்கினார்கள். ததாரா வட்டாரத்தில் 28ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. அங்கே நாற்றம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தன் மரத்தில் கூடு இருப்பது இப்போது ஒரு கௌரவம்.

உங்கள் தெருவில் என்ன செய்யலாம்? மரத்தடியில் பழைய தார்ப்பாய் விரித்து, வாரம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்து கழுவிக் கொடுங்கள். அப்புறம், ஊர்க் கூட்டத்தில் மரத்துக்காரருக்கு எல்லோர் முன்னாலும் ஒரு துண்டு போர்த்துங்கள். பத்து அறிவிப்புப் பலகைகளைவிட இதை நான் நம்புகிறேன்.

வேட்டையே பிழைப்பு என்று இருக்கும் ஊரில் இதெல்லாம் எடுபடுமா?

நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். அணை கட்டியதில் வயல்கள் மூழ்கின. மீன் பிடிக்கப் போனவர்கள், வலசை வந்து இறங்கும் அமூர் வல்லூறுகளையும் வலைகட்டிப் பிடித்து விற்றார்கள். 2012இல் அந்தப் படங்களைப் பார்த்து உலகமே பதறியது. அடுத்த ஆண்டு வலையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. தடை போட்டது அவர்களுடைய சொந்த ஊர்ச் சபைகள். எடுத்துச் சொன்னது அவர்கள் போகும் தேவாலயம். செயற்கைக்கோள் கருவி பொருத்திய பறவைகளில் ஒன்றுக்குப் ‘பாங்தி’ என்று ஊரின் பெயரையே வைத்தார்கள். தன் ஊர்ப் பெயரோடு ஆப்பிரிக்கா வரை பறக்கும் பறவைக்கு யார் வலை விரிப்பார்? ஆனால் இழந்த வருமானத்துக்கு மாற்று கிடைக்காவிட்டால் இந்தப் பெருமை எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

மாட்டு ஊசியால் பாறு கழுகு சாகிறது என்று விவசாயிகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வேறு வழி?

ஒருமுறை மருந்துக் கடை ஒன்றில் நின்று கவனித்தேன். வந்தவர் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. “மாடு நொண்டுது, போன தடவை குடுத்த ஊசியே குடுங்க” என்றார். கடைக்காரரின் கை பழகிய தட்டுக்குப் போனது. அந்தக் கையைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறு கழுகும் சாகும். அதனால் கால்நடைகளுக்கு அது 2006இலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். ஒரு மாட்டுக்கே பல குப்பி உடைக்க வேண்டும் என்றால் கை தானாகத் தயங்கும். இதேபோல் கழுகைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் என்ற வலி மருந்துகளை மாட்டுக்குப் போடவும் 2023இல் தடை வந்தது. பதிலுக்கு, கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது. கடைக்காரரிடமும் ஊசி போடுபவரிடமும் பேசி, அது எப்போதும் கைக்கெட்டும் தட்டில் இருக்கும்படி செய்யுங்கள்.

பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள்?

யாரும் வற்புறுத்தவில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் 1798இலேயே கலெக்டரிடம் கேட்டுப் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வெடிக்காமல் இருப்பது ஊர் வழக்கம். பதிலுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கிறது. இனிப்புக்காக அவர்கள் இருப்பதில்லை, ஆனால் யாரோ கவனிக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

எங்கள் புகைப்படக் குழுவில் சிலர் இலையை விலக்கிக் கூட்டைப் படம் எடுக்கிறார்கள். சொன்னால் சண்டை வருகிறது.

இலை போனால் குஞ்சுக்கு வெயில், காக்கைக்கு வழி. தனித்தனியாகத் திட்டாதீர்கள். கூட்டுப் படங்களைக் குழுவில் ஏற்பதில்லை, பரிசுக்கும் எடுப்பதில்லை என்று அட்மின் ஒரு விதி போடட்டும். பாராட்டு கிடைக்காத படத்துக்காக யாரும் முள்ளுக்குள் நுழைய மாட்டார்கள்.