டாமி ஜானின் இடது கை

வணக்கம் ஐயா,

மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்து நான்கு மாதம் ஆகிறது. பேரனுக்கு 13 வயது, பள்ளி பேஸ்பால் அணியில் பந்து வீசும் பிட்சர். போன வாரம் முழங்கை வலி என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எதுவும் அறுந்துவிடவில்லை, ஆறு வாரம் பந்தைத் தொடாதே என்று அனுப்பிவிட்டார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். "டாமி ஜான் பண்ணிட்டா முன்னைவிட வேகமா போடலாம் தாத்தா, டீம்ல எல்லாரும் சொல்றாங்க" என்கிறான். அறுவை சிகிச்சைக்கு ஒரு ஆளின் பெயரா? யார் அவர்? பையன் சொல்வது உண்மையா? நீங்கள் பேஸ்பால் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பையன் சொல்வது உண்மையில்லை. ஆனால் அவன் அணியில் மட்டும் பேசுகிற பேச்சு இல்லை இது. அமெரிக்காவில் பெற்றோர்களே நம்புகிறார்கள்.

டாமி ஜான் 1943இல் இண்டியானாவில் பிறந்தவர். இடது கை பிட்சர். வேகத்துக்குப் பெயர் போனவர் இல்லை. மட்டைக்குப் பக்கத்தில் வரும்போது சட்டென்று தாழும் 'சிங்கர்' பந்துதான் அவர் பிழைப்பு. அதை அடித்தால் பெரும்பாலும் தரையில்தான் உருளும்.

1974 ஜூலை 17, லாஸ் ஏஞ்சலஸ். டாட்ஜர்ஸ் அணிக்காக அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி என்று நல்ல உச்சத்தில் இருந்தார் (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள்). மான்ட்ரியால் அணிக்கு எதிராக மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்தை வீசினார், கை எங்கேயோ போய்விட்டது போலிருந்தது. இன்னொன்று வீசிப் பார்த்தார். அப்புறம் தானாகவே மைதானத்தை விட்டு நடந்துவிட்டார். முழங்கையின் உள்பக்கம் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் அறுந்திருந்தது. அந்தக் காலத்தில் பிட்சருக்கு அது நேர்ந்தால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

பேரனிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்கட்டும். நடுவில் ஒரு நாண் கம்பி போல எழும்பி நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு குறையும் வராது. டாட்ஜர்ஸ் அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது கையிலிருந்து அந்த நாணைத்தான் எடுத்தார். இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். 1974 செப்டம்பர் 25. மறுபடி ஆட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்.

உங்கள் பேரனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாத பகுதி இனிமேல்தான். நரம்பு பாதிக்கப்பட்டு ஜானின் இடது கை விரல்கள் கோணிக்கொண்டன. பந்தைப் பிடிக்கவே வரவில்லை. டிசம்பரில் நரம்புக்காக இன்னொரு அறுவை. 1975 சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. உணர்ச்சியே வராத விரல்களை வைத்துக்கொண்டு, 32 வயதில், மாதக்கணக்கில் தினமும் பயிற்சிக்குப் போனார். என்னை உலுக்குவது அந்த வருடம்தான். முடிவு தெரிந்து நாம் வாசிக்கிறோம், அவருக்கு அப்போது எதுவுமே தெரியாது.

1976 ஏப்ரலில் திரும்ப வந்தார். அந்த வருடம் பத்து வெற்றி, பத்து தோல்வி. 1977இல் 20 வெற்றி. அதற்கு முன் ஒரு சீசனில்கூட அவர் 20ஐத் தொட்டதில்லை. பிறகு யாங்கீஸ் அணிக்குப் போய் 1979இல் 21, 1980இல் 22. 46 வயது வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை.

'செய்துகொண்டால் இன்னும் நன்றாகப் போடலாம்' என்ற பேச்சு இந்தக் கணக்கிலிருந்து கிளம்பியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்த பிறகும் அவர் தரையில் உருளும் பந்தைத்தான் வீசினார். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் பதினோரு வருடம் தேய்ந்து கற்ற கை அது. புது நாண் அறுந்த இடத்தை ஒட்டுப்போட்டது, அவ்வளவுதான். வேகம் கூடியதாக உணர்கிற பையன்கள் உண்டு. ஒரு வருடத்துக்கும் மேல் உடம்பைத் தேற்றி, தோளையும் காலையும் வலுவாக்கியதன் பலன் அது. அந்த உழைப்பை இப்போதே போடலாமே, முழங்கை முழுசாக இருக்கும்போதே.

கிரிக்கெட்டில் பந்து போடும்போது மடங்கிய முழங்கையை வீச்சின் நடுவில் நீட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. பேஸ்பாலில் கை மடங்கி, பின்னால் போய், சாட்டை மாதிரி வீசுகிறது. ஒவ்வொரு பந்துக்கும் அந்தச் சின்ன நார் இழுபடுகிறது. இன்றைய மேஜர் லீக் பிட்சர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர். தன் பெயரிலுள்ள சிகிச்சைக்குச் சிறுவர்கள் இத்தனை பேர் வருவது பற்றி ஜானே பிற்காலத்தில் வருத்தப்பட்டுப் பேசினார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 13 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து, 65க்கு மேல் போனால் நான்கு நாள் ஓய்வு என்று அங்கே வரையறை இருக்கிறது. பையன் பள்ளி அணி தவிர வேறு அணிக்கும் வீசுகிறானா என்று மகளிடம் கேளுங்கள். இரண்டு பயிற்சியாளரும் தனித்தனியாக எண்ணினால் கணக்குத் தப்பும். நீங்கள் கேலரியில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே எண்ணலாம்.

ஆறு வாரம் கழித்து அவன் கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மணிக்கட்டில் அந்த நாண் தெரிந்ததா என்றும்.

அன்புடன்.